செல்வராணி பேசாத வகுப்பு

மலாய் நாட்டு ஈப்போவில் இருக்கிற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் எங்கள் தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா? நீங்க போய் என்னத்தம்மா சொல்லித்தரப் போறீங்க?" என்றார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த மனிதர் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போலிருக்கிறது.

நான் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பாடம் எடுப்பவள். கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் நின்று சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடம் நடத்தி செல்போனில் எடுத்து அனுப்பினேன். அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போனது. யாரோ அதை ஒரு செயலியாகவும் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் தொழில்நுட்பம் தெரிந்த டீச்சர். எங்கே பயிற்சி என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடல் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை.

முதல் நாள் காலையில் விடுதி வாசலில் நாதன் சார் நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பயிற்சியை ஏற்பாடு செய்த ஆசிரியர் குழுவுக்குச் செயலாளர். பூப்போட்ட பாத்தேக் சட்டை, பளபளக்கும் தோல் செருப்பு. "வணக்கம் டீச்சர், பசியாறியாச்சா?" என்றார். அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். எத்தனை அழகான சொல்! இங்கே நாம் டிபன் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

பசியாறப் போனால் சோறு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பக்கத்தில் இனிப்பும் உறைப்புமாக ஒரு மிளகாய்ச் சம்பால். விடிந்தும் விடியாமலும் சோறா என்று முகத்தைச் சுளித்தவள், யாரும் பார்க்காதபோது போய் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டேன். காப்பிதான் ஏமாற்றம். ஊர் முழுக்க அதன் பெருமையைப் பேசுகிறார்கள், டம்ளரின் அடியில் டப்பாப் பால் இரண்டு விரற்கடைக்கு நிற்கிறது. அதைக் கலக்கினால் பாயசம், கலக்காவிட்டால் கஷாயம்.

பயிற்சி நடந்த விடுதிக் கூடத்தில் என் முகம் போட்ட பதாகை கதவை விடப் பெரிதாகத் தொங்கியது. குளிர்சாதனம் எலும்பை ஊடுருவியது. எங்கள் ஒன்றியப் பயிற்சிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கையெழுத்து, டீ, பஜ்ஜி, வீட்டுக்குப் போக பஸ் நேரம் பார்க்கிற முகங்கள். இங்கே கையெழுத்துக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடிக்கிறார்கள், பஜ்ஜிக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைத்த கறிபாப். முகங்கள் அதே முகங்கள்தான். பாதிப் பேர் மேசைக்கடியில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை, நானும் அதையே செய்திருக்கிறேன்.

தேநீர் இடைவேளையில் ஒரு இளம் ஆசிரியர் இன்னொருவரிடம், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு ஒரு 'லா' வால் ஒட்டி, அலுத்துக்கொண்டார். "இந்த வருசத்துல இது எத்தனாவது கோர்ஸ்னே தெரியல லா மச்சான். இன்னும் ரெண்டு கோர்ஸ் போனா நேரா தஞ்சோங் ரம்புத்தான்தான்." அடுத்த பயிற்சி அங்கே போலிருக்கிறது என்று நினைத்து, அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் கேட்டுத் தொலைத்தேன். அவர் கறிபாப் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தார். "அலாமாக்! டீச்சர், அங்க இருக்கறது பெரிய மனநல ஆஸ்பத்திரி லா!"

அந்த ஆசிரியைதான் செல்வராணி. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை. நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை. வாய் ஓயவே ஓயாது. கதவைத் திறந்தால் கதவோடு பேசுவார், கறிபாப் எண்ணெயாக இருந்தால் கறிபாப்போடு சண்டை போடுவார். "செல்வா டீச்சர் வாய மூடுனா ஈப்போல மழ கொட்டும்" என்று மற்ற ஆசிரியர்கள் கிண்டல் செய்தார்கள். "ஈப்போல தெனமும் மழதான லா கொட்டுது, அப்ப நான் எப்ப வாய மூடுனேன்?" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்.

என் உரையில் ஒரு ஸ்லைடு உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் போடுவேன். 'ஆசிரியர் பேச்சைக் குறைப்போம்.' நாம் மூச்சுவிடாமல் பேசுகிறோம், பிள்ளைகள் தூங்குகிறார்கள், கருவி பேசட்டும், பிள்ளை தொட்டுப் பார்த்துக் கற்கட்டும் என்று உணர்ச்சியோடு விளக்குவேன். கைதட்டல் நிச்சயம். அன்றும் தட்டினார்கள். செல்வராணி மட்டும் எழுந்து, "அப்ப நாங்க எதுக்கு லா இந்தியா டீச்சர்? சுவத்துல பிளக்கு சொருவவா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. நான் விடவில்லை. "உங்களைப் போன்றவங்களுக்குத்தான் டீச்சர் இந்தப் பாடமே" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். வெற்றி எனக்குத்தான் என்று நினைப்பு.

இரண்டாம் நாள் குழு வேலை. நாதன் சார் அட்டைப்பெட்டிகளில் டேப்லட்டுகளைக் கொண்டுவந்து மேசை மேசையாகப் பரப்பினார். என் எழுத்துப் பாடச் செயலி எல்லாவற்றிலும் ஏற்றப்பட்டிருந்தது. கூடத்தின் இணையம் முக்கி முனகி மதியத்தோடு படுத்துவிட்டது. விடுதிக்காரப் பையன் வந்து ஒரு பெட்டியை அணைத்துப் போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான், பிறகு கையை விரித்தான். இணையம் இல்லாமல் இணையவழிக் கற்பித்தலின் பயன்கள் என்று சாயங்காலம் வரை நான் பேசினேன். ஆசிரியர் பேச்சைக் குறைக்கச் சொன்னவள் தொண்டை கட்டும் வரை பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் செல்வராணி என்னைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டார். காடி என்றால் கார். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன, உச்சியில் பச்சை, இடுப்பில் வெள்ளை. திண்டுக்கல் மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கே வாய் பிளந்தது. ஒரு சீனர் கடைக்குக் கூட்டிப் போனார். வேகவைத்த கோழி, கொழுகொழுவென்று முளைப்பயறு. பார்த்தால் பத்தியச் சாப்பாடு, வாயில் வைத்தால் விட மனசில்லை. கடைக்காரரிடம் அவர் சீனத்திலும் மலாயிலும் மாறி மாறிப் பேரம் பேசி, எனக்குக் கூடுதலாக மிளகாய் வாங்கித் தந்தார். சாப்பிடும் முன் நெற்றியில் சிலுவை போட்டார், அந்த ஒரு நொடிதான் வாய் மூடியிருந்தது.

அப்போதுதான் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். "எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் அங்கதான் ரப்பர் பால் வெட்டுனாங்க டீச்சர். நான் பொறந்தது, படிச்சது எல்லாம் அங்கதான். அப்புறம் கித்தா மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்கு செம்பன போட்டாங்க. சனமெல்லாம் டவுனுக்குப் போயிருச்சு. லயத்து வீடும் போச்சு, கோயிலும் போச்சு. பள்ளிக்கூடம் மட்டும் ஒத்தையா நிக்கிது லா." இருக்கிற பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்களாம். முதலாம் ஆண்டுக்கு இந்த வருஷம் யாரும் சேரவில்லை. அடுத்த வருஷமும் ஒருவரும் சேராவிட்டால் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது.

"ஒரே ஒரு பிள்ள இருக்கு டீச்சர். லோரி ஓட்டறாரு சரவணன்னு ஒருத்தர், அவரு மவ யாஷினி. ஆறு வயசு. பேச்சு கொஞ்சம் லேட்டாம். பாலர் பள்ளியில கூட்டத்துல கவனிக்க ஆளில்லன்னு எடுத்துட்டாராம். எங்க ஸ்கூல்லதான் கூட்டமே இல்லியே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு பிள்ள வந்துட்டா அடுத்து அவரு சொந்தக்காரங்க வீட்லயும் கேட்டுப் பாக்கலாம். பயிற்சியோட மாதிரி வகுப்பு நாளைக்கு எங்க ஸ்கூல்லதான். அவர வரச் சொல்லியிருக்கேன். டவுன் பள்ளிக்கூடத்துல இருக்கறது எங்ககிட்டயும் இருக்குன்னு அவரு பாக்கணும்."

"டேப்லட் உங்களது இல்லையே?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எங்களது லா."

நான் மறுத்திருக்கலாம். ஆனால் என் செயலியை வைத்து ஒரு பள்ளிக்கூடமே பிழைத்துக்கொள்ளப்போகிறது என்ற நினைப்பு எனக்கு அந்தக் கோழியை விட ருசியாக இருந்தது. "அசத்திடலாம் டீச்சர்" என்றேன்.

மூன்றாம் நாள் வேனில் கிளம்பினோம். முன் இருக்கையில் நாதன் சார், பின்னால் நானும் சில ஆசிரியர்களும், மடியில் டேப்லட் பெட்டிகள். செல்வராணி முன்னாலேயே போய்விட்டார். சுங்கை சிப்புட் தாண்டி வேன் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. மரம், மரம், மரம். ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. முந்தின நாள் மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. ஒரு திருப்பத்தில் வேன் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றி ஜன்னல் வரை சேற்றை வாரி இறைத்தது. நாதன் சார் இறங்கினார், தோல் செருப்பில் ஒன்று சேற்றோடு போயிற்று. "தொழில்நுட்பம் வந்துக்கிட்டு இருக்கு, பாதைதான் இன்னும் வரல" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது பின்னால் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. ஒல்லியான ஒரு ஆள் குதித்து இறங்கி, கயிற்றை எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் வேனைக் கட்டி இழுத்துவிட்டார். "ஸ்கூலுக்கா அக்கா? நானும் அங்கதான் போறேன். ஏறிக்குங்க, வேன் மெதுவா வரட்டும்" என்றார். சரவணன் இவர்தான் என்று எனக்குப் புரிந்தது. லாரியில் முன்னால் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை, ரோஜா நிறச் செருப்பு, எங்கேயோ பார்க்கிற கண்கள். நான் பேர் கேட்டேன். அவள் என் காதுத் தோட்டைப் பார்த்தாள், பதில் இல்லை.

பள்ளிக்கூடம் போகும்வரை அந்த மனிதர் பேசிக்கொண்டே வந்தார், என்னோடு அல்ல, மகளோடு. "யாஷு, அங்க பாரு, மாடு. மா...டு. கறுப்பு மாடு. அது என்னா பண்ணுது? புல்லு திங்கிது. இது என்னா? பாலம். நம்ம லோரி பாலத்துல போவுது, கடகட கடகட..." அவள் எப்போதாவது தலையைத் திருப்பிப் பார்த்தாள். இவர் அசரவில்லை. இதென்ன, இந்த ஊரில் எல்லாருமே வாய் ஓயாதவர்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூடம் துடைத்து வைத்த பாத்திரமாக இருந்தது. மஞ்சள் பூச்சு, பூந்தொட்டிகள், வேலியோரம் செம்பருத்தி. பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். வரிசை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் பள்ளியிலும் வருஷா வருஷம் வரிசை குட்டையாகிக்கொண்டுதான் வருகிறது.

செல்வராணி ஓடிவந்து யாஷினி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "யாரு இது, யாரு இது? செருப்பு அழகா இருக்கே! எனக்குக் குடுப்பியா? என் காலு இதுல போவுமா, பாப்போமா?" என்று தன் பெரிய காலை அந்தச் செருப்பின் பக்கத்தில் வைத்து முகத்தைக் கோணினார். பிள்ளை காலைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. செல்வராணி வேலியிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "காணோம்! எங்க போச்சு? எங்க போச்சு?" நீட்டினார், மறுபடி ஒளித்தார். "இப்ப எங்க போச்சு?"

"பூ" என்றாள் யாஷினி.

சரவணனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சொன்னா! கேட்டீங்களா டீச்சர்? சொன்னா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு கூச்சப்பட்டு விட்டுவிட்டார். செல்வராணி அடுத்த பூவுக்குக் கையை நீட்டினார். அதற்குள் நாதன் சார் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். "டீச்சர், நேரமாச்சு. வகுப்ப ஆரம்பிக்கலாம். மத்தியானம் ஈப்போல நிறைவு விழா இருக்கு."

மாதிரி வகுப்பு தொடங்கியது. சுவரோரம் நாங்கள், கதவோரம் சரவணனும் மகளும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லட். தோட்டத்துக்குள் இணைய லைன் கிடைக்காது என்று முன்கூட்டியே பாடத்தை உள்ளே இறக்கி வைத்திருந்தோம். செல்வராணி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். டேப்லட்டுகள் பேசத் தொடங்கின. "அ... அம்மா. ஆ... ஆடு." மொட்டைமாடியில் போர்வைக்கு முன்னால் நின்று நான் பேசிய குரல். ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னும் பின்னுமாக அறையின் எல்லா மூலையிலிருந்தும் நானே நானே கத்திக்கொண்டிருந்தேன். முதலில் பெருமையாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் எனக்கே எப்போது நிற்கும் என்றாகிவிட்டது.

செல்வராணி பேசவில்லை. ஒரு பையன் ஏதோ சந்தேகம் கேட்டான். உதடு துடித்தது, என்னைப் பார்த்தார், விரலால் டேப்லட்டைக் காட்டினார். நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்து நான் தலையை வேறு ஆட்டினேன், நன்றாகப் போகிறது என்று. என் மண்டையில் ஓங்கிக் குட்ட அங்கே ஆளில்லாமல் போயிற்று.

"பாப்பாவுக்கும் ஒண்ணு குடுங்க" என்று நாதன் சார் ஒரு டேப்லட்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனார்.

"வேணாம் சார்" என்றார் சரவணன்.

"பரவால்ல லா, ஒடையாது. புடி பாப்பா."

"இல்ல சார், அவளுக்கு..."

அதற்குள் யாஷினி அதை வாங்கிவிட்டாள். தரையில் உட்கார்ந்தாள். எங்கே தொட வேண்டும், எப்படித் தள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலை குனிந்தது, வாய் லேசாகத் திறந்தது. கையிலிருந்த செம்பருத்தி பக்கத்தில் கிடந்தது. அப்பா குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. தோளைத் தொட்டார், திரும்பவில்லை. நாதன் சார் கைப்பேசியில் அவளை அப்படியும் இப்படியுமாகப் படம் எடுத்தார்.

வகுப்பு முடிந்தது. எல்லாரும் கைதட்டினோம். செல்வராணி முகம் பூரித்து, நேராகச் சரவணனிடம் போனார். நானும் கூடவே போனேன், பாராட்டில் பங்கு கேட்க. "எப்டி அண்ணே? டவுன் ஸ்கூலுக்கு நாங்க கொறச்சலா? யாஷினிய பதிஞ்சிரலாமா?"

சரவணன் மகளைப் பார்த்தார், பிறகு சொன்னார். "எங்க ரெண்டு பேருக்கும் வேல டீச்சர். வீட்டுக்காரி ஜெலாப்பாங்ல ஃபேக்டரி, ஷிஃப்டு. நான் ரோட்டுல. பிள்ளய பாத்துக்கிட்டவங்க, அழுவாம இருக்கட்டும்னு ஹேன்போன குடுத்துட்டாங்க. பேசற வயசுல அதுகிட்டயே உக்காந்திருச்சு. அது மட்டும் காரணமில்லன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா இதெல்லாத்தயும் எடுத்துட்டு பேசுங்க, பேசிக்கிட்டே இருங்கன்னாரு. நான் அதிகம் பேசற ஆளில்ல டீச்சர். இப்ப மாட்டப் பாத்தா மாட்டச் சொல்றேன், பாலத்தப் பாத்தா பாலத்தச் சொல்றேன். எங்க அக்கா மவன் ஒங்ககிட்ட படிச்சவன். 'செல்வா டீச்சர் வாய மூடவே மாட்டாங்க மாமா'ன்னான். அதக் கேட்டுத்தான் லா இவ்ளோ தூரம் வந்தேன்."

செல்வராணி அவசரமாகக் குறுக்கே வந்தார். "அண்ணே, இது இன்னிக்கு மட்டும்தான். சத்தியமா. இந்த டேப்லட்டெல்லாம் எங்களது இல்ல, இப்ப எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. நாளையிலேருந்து நான்தான் பேசுவேன், பாத்தீங்கல்ல, வெளிய நான் பேசுனப்ப அவ..."

"பாத்தேன் டீச்சர். அப்பவே பதிஞ்சிரலாம்னுதான் நெனச்சேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இருக்கறத விட்டுட்டு இல்லாதத எதுக்குக் காட்டுனீங்க? நாளைக்கு இன்னொரு ஆளு வந்து இன்னொரு சாமான குடுத்தா, நீங்க மறுபடியும் பேசாம நிப்பீங்க. நான் லோரியில இருப்பேன், எனக்கு எப்டித் தெரியும்?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, டீச்சர் மேல தப்பில்லை. பேசக்கூடாதுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன்.

"பரவால்ல அக்கா. நல்லதுன்னு நெனச்சுத்தான சொல்லியிருப்பீங்க" என்றார். இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் குனிந்து மகள் கையிலிருந்து டேப்லட்டை மெதுவாக எடுத்தார். யாஷினி வீறிட்டாள். அப்பப்பா, அந்தச் சின்ன உடம்பில் அத்தனை சத்தம் எங்கே இருந்தது! காலை உதைத்தாள், தலையை அப்பாவின் நெஞ்சில் மோதினாள். செல்வராணி பூவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "யாஷு, பாரு, எங்க போச்சு? பூ எங்க போச்சு?" பிள்ளை பார்க்கவில்லை. சரவணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அங்கே போகிறவர்களும் வாரேன் என்றுதான் சொல்கிறார்கள், நம் ஊரைப் போலவே. செம்பனை மரங்களுக்குள் லாரி மறைந்த பிறகும் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது செல்வராணி எங்களோடு வேனில் வந்தார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குப் பரிதாபம், என் மேல் எனக்கு வெறுப்பு, நாதன் சார் மேல் வாயில் சொல்ல முடியாத ஆத்திரம். அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைத் துடைத்துக்கொண்டே, "படமெல்லாம் அருமையா வந்திருக்கு டீச்சர்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

நிறைவு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை வேறு. பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, எதிர்காலம் நம் விரல்நுனியில் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நான் பேச எழுந்தபோது, காலையில் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். செல்வராணி கடைசி வரிசையிலிருந்து தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. அந்தக் கூட்டத்தில் அவர் பள்ளியின் பேர் அப்படி அடிபடுவது அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு இறங்கி, கடைசி வரிசைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு நாதன் சார் விளக்குகளை அணைக்கச் சொன்னார். பெரிய திரையில் மூன்று நாள் படங்கள் ஓடின. கடைசியாக யாஷினி வந்தாள். சுவர் உயரத்துக்கு அவள் முகம், குனிந்த தலை, திறந்த வாய், கன்னத்தில் டேப்லட்டின் நீல வெளிச்சம். நாதன் சார் ஒலிபெருக்கியில் உருகினார். "இந்தப் பிள்ளையின் கவனத்தைப் பாருங்கள்! அப்பா கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் நம்புவீர்களா? இதுதான் ஐயா நம் வெற்றி!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். செல்வராணிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் ஆசிரியை தட்டிக்கொண்டே அவர் காதோரம் குனிந்தாள். "சோ ஸ்வீட் லா! ஒங்க ஸ்கூல் பிள்ளையா டீச்சர்?"

"இல்ல" என்றார் செல்வராணி.